கழுவக் கொடுத்த அட்டிகை

கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் சோப்புத்தூள் போட்டு ஊறவைத்த அட்டிகையைத் தஹ்மீனா வெளியே எடுத்தாள். பாத்திரத்துக்குள் போகும்போது மாதுளை முத்தாக இருந்த கெம்புக்கற்கள், திரும்பி வரும்போது புளியங்கொட்டையாக வந்திருந்தன.

நுரை ஒட்டியிருக்கும் என்று நினைத்து நல்ல தண்ணீரில் அலசினாள். நுரை போயிற்று, கறுப்பு போகவில்லை. முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். கறுப்பு கல்லுக்கு மேலே இல்லை, உள்ளே இருந்தது.

"என்ன தஹ்மீனா, ஊறுதா?" கூடத்திலிருந்து மாமியார் சைத்தூன் பீவியின் குரல் வந்தது.

"ஊறுது மாமி."

"ஊறட்டும், நல்லா ஊறட்டும். அவசரப்பட்டு எடுத்துடாதே."

அந்தக் குரலில் இருந்த பிரியம் அவளை இன்னும் பயமுறுத்தியது. மாமியார் அவளிடம் எதையாவது கழுவக் கொடுத்து வெகுகாலம் ஆகிறது. கல்யாணமான புதிதில் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார். அவள் புருஷன் சுஹைபின் வெள்ளைச் சட்டைகளுக்கு அவள் நீலம் போட்டாள். விடுமுறை முடிகிறவரை அவன் ஆகாய வண்ணத்தில்தான் ஜும்ஆ தொழுகைக்குப் போனான். துபாயிலிருந்து வந்த இரட்டைக் கட்டில் கம்பளியை அலசிக் காயப்போட்டாள். அது காய்ந்து வந்தபோது தொட்டில் பிள்ளைக்குப் போர்த்தலாம் போல இருந்தது. வெள்ளிப் பன்னீர்ச்செம்பைத் தேய்த்த கதையை அவள் முன்னால் குடும்பத்தில் யாரும் பேசுவதில்லை. அவள் சோம்பேறி என்று யாரும் சொல்ல முடியாது. ஒவ்வொரு பொருளும் கெடுவதற்கு முன்னால் அவள் கையில் மிகுந்த அக்கறையோடு கவனிக்கப்பட்டது.

அப்படிப்பட்டவளைத்தான் அன்று காலையில் மாமியார் கூப்பிட்டு, பீரோவைத் திறந்து, வெல்வெட் பெட்டியை எடுத்துக் கையில் கொடுத்தார்.

"மீரா உசேன் மக கல்யாணத்துக்கு இரவல் கேட்டிருக்காங்க. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிஞ்சதும் அவன் பொஞ்சாதி ஜன்னத் பீவி வந்து வாங்கிக்குவா. ஒரே எண்ணெய்ப் பிசுக்கா இருக்கு, கழுவி வை."

"நானா மாமி?"

"நீதான். படிச்ச புள்ள, உனக்குத் தெரியாததா?"

கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த பொன்னுத்தாய் விளக்குமாற்றோடு நிமிர்ந்தாள். அந்த வீட்டில் பல வருஷமாகப் பாத்திரம் தேய்த்து வருகிறவள் அவள். "பெரியம்மா, அது மூடுன கட்டு அட்டிகையாச்சே, அதுல போயி தண்ணி…" என்று ஆரம்பித்தாள்.

"கொல்லையில ஆடு கீரைப் பாத்தியில இறங்கிடுச்சு, போய்ப் பாரு," என்றார் சைத்தூன் பீவி.

பொன்னுத்தாய் போய்ப் பார்த்துவிட்டு, ஆட்டையே காணோம் என்று முனகிக்கொண்டு திரும்பி வந்தாள். அதற்குள் தஹ்மீனா அடுப்பில் தண்ணீர் வைத்துவிட்டாள்.

அது லேசுப்பட்ட அட்டிகை இல்லை. சைத்தூன் பீவியின் புருஷன் ஜெக்கரியா ராவுத்தர், நெல் வியாபாரம் கொழித்த காலத்தில் செய்து போட்டது. நடுவில் பச்சைக்கல் பதக்கம், சுற்றிலும் கெம்பு, கீழே முத்துத் தொங்கல். ராவுத்தர் மௌத்தாகும் முன் பொஞ்சாதியைக் கூப்பிட்டு, "பொண்ணு கல்யாணம்னு நகை கேட்டு வர்றவங்களுக்கு இல்லைன்னு சொல்லிடாதே" என்று சொல்லிவிட்டுப் போய்ச் சேர்ந்தார். புண்ணியம் அவருக்கு, அட்டிகைக்குத்தான் அன்றிலிருந்து ஓய்வில்லை.

வெளிநாட்டுப் பணம் வந்த பிறகு, மாயவரத்துப் பக்கத்தில் அவர்கள் ஊரான குத்தாலத்தில் பாதி வீடுகளில் துபாய்த் தங்கம் கிடந்தது. ஆனால் துபாய்க் கடைகளில் இந்த வேலைப்பாடு கிடைக்காது. வீடியோக்காரர் விளக்கைப் போட்டால் வேறெந்த நகையும் இப்படிச் சிவந்து தெரியாது. போதாக்குறைக்கு, இந்த அட்டிகையைப் பூட்டிக்கொண்டு நிக்காஹ் ஆன பெண்ணைப் புருஷன் சீக்கிரமே விசா எடுத்துக் கூட்டிக்கொண்டு போய்விடுவான் என்று ஒரு பேச்சு வேறு கிளம்பியிருந்தது. ஒரத்தநாட்டிலிருந்தெல்லாம் தூரத்துச் சொந்தம் என்று சொல்லிக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். பிள்ளைகள் லீவில் வந்து கல்யாணம் கட்டுகிற மாதங்களில் அட்டிகை ஒரு ராத்திரி வீட்டில் தங்கினாலே அதிசயம். சைத்தூன் பீவி தன் சொந்த நகையைப் பிறத்தியார் வீட்டுக் கல்யாணக் கேசட்டில்தான் கண்ணாரப் பார்த்தார்.

அந்த அட்டிகையைப் பூட்டியும் புருஷனோடு போய்ச் சேராத ஒரே பெண் தஹ்மீனா.

சுஹைபுக்கு இப்போது பதவி உயர்ந்து, குடும்பத்தை அழைத்துக்கொள்ள விசாவும் கிடைத்துவிட்டது. "அம்மா வாயால 'போயிட்டு வா'ன்னு ஒரு வார்த்தை வரட்டும் தஹ்மீனா, மறுநாளே டிக்கெட்" என்று ஒவ்வொரு போனிலும் சொன்னான். அந்த ஒரு வார்த்தைதான் வரவில்லை. கேட்டால் மாமியார், "பாப்போம், காலம் வரட்டும்" என்பார். ஆகவே இது பரீட்சை என்று தஹ்மீனாவுக்குச் சந்தேகமில்லாமல் புரிந்துவிட்டது. ஓர் அட்டிகையைக் கழுவத் தெரியாதவள் தேசம் விட்டுத் தேசம் போய் எப்படிக் குடித்தனம் நடத்துவாள்? மாமியார் அதைத்தான் கேட்கப்போகிறார்.

சமையலறைக்குள் வந்த பொன்னுத்தாய் அவள் கையில் இருந்ததைப் பார்த்தாள்.

"கல்லுக்குப் பின்னாடி தகடும் அரக்கும் வச்சு அடைச்சிருப்பாங்கம்மா. தண்ணி உள்ள பூந்துருச்சு."

"பூந்த தண்ணி வெளியில வராதா?"

"வந்த வழி தண்ணிக்கு ஞாபகம் இருக்கணுமே."

தஹ்மீனா அறைக்கு ஓடினாள். சுஹைப் அனுப்பிய தலைமுடி உலர்த்தும் மெஷின் பெட்டியைப் பிரித்த கையோடு அலமாரியில் கிடந்தது. அதை மாட்டி, அட்டிகையைக் கட்டிலில் விரித்துப் போட்டு, அனல் காற்றைப் பக்கத்தில் பிடித்தாள். கொஞ்ச நேரத்தில் கற்களின் கறுப்பு லேசாக விலகுவது போலத் தெரிந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று இன்னும் பக்கத்தில் கொண்டுபோனாள். உள்ளே இருந்த அரக்கு இளகி, கற்களின் ஓரமாகக் கசிந்தது. ஒரு கெம்பு தலை சாய்ந்தது. இன்னொன்று நகர்ந்து போய்ப் பக்கத்துக் கல்லின் மேல் ஏறிக்கொண்டது. அவள் பதறிப்போய்த் தூக்கியதும் சில கற்கள் பொலபொலவென்று படுக்கை விரிப்பில் உதிர்ந்தன. அந்த நேரம் பார்த்துக் கரண்டும் போயிற்று.

"என்ன புள்ள, ஏதோ தீயுற வாடை அடிக்குது?"

"சாம்பிராணி மாமி."

"போடு, போடு. நல்லதுதான்."

அடுத்த நாள் கடைத்தெருவில் பசை வாங்கி வந்தாள். ஒரு சொட்டு விட்டால் இரும்பையும் பிடிக்கும் என்று கடைக்காரர் உத்தரவாதம் கொடுத்திருந்தார். அவர் பொய் சொல்லவில்லை. முதல் கெம்பு அவளுடைய வலது கட்டைவிரலில் போய் ஒட்டிக்கொண்டது. தேங்காயெண்ணெய் தடவினாள், மண்ணெண்ணெய் தடவினாள், சுவரில் தேய்த்தாள். கல் அவளை விடுவதாக இல்லை. அதற்குள் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். கைக்குட்டையை விரலில் சுற்றிக்கொண்டு ஸ்பூனோடு போய் உட்கார்ந்தாள்.

"மீன் குழம்பைப் போயி ஸ்பூன்ல சாப்பிடுறியே?" என்றார் மாமியார்.

"துபாய்ல எல்லாரும் இப்படித்தானாம் மாமி. பழகிக்கலாம்னு…" சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

சைத்தூன் பீவி கோபித்துக்கொள்ளவில்லை. முள் எடுத்த மீன் துண்டு ஒன்றை அவள் தட்டில் வைத்து, "பழகிக்க, பழகிக்க" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அட்டிகை எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"நல்லா இருக்கு மாமி."

மாமியாரின் முகம் ஒரு மாதிரியாக வாடியது. நம்பவில்லை என்றுதான் தஹ்மீனா எடுத்துக்கொண்டாள்.

மறுபடியும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, மிச்சக் கற்களை ஒவ்வொன்றாக ஒட்டி முடித்தாள். நெட்டுக்குத்தாக இருக்க வேண்டியது குறுக்கே இருந்தது, குறுக்கே இருக்க வேண்டியது கோணலாக இருந்தது. இருந்தாலும் கட்டைவிரலில் இருந்ததைத் தவிர எல்லாம் அட்டிகையில்தான் இருந்தன. நிம்மதியாக மூச்சுவிட்டு விளக்கடியில் பிடித்துப் பார்த்தால், பசை காய்ந்த இடமெல்லாம் வெண்குஷ்டம் பிடித்த மாதிரி பூத்திருந்தது.

வெள்ளை படிந்தால் புளி. அது அவளுக்குத் தெரிந்த விஷயம். பொன்னுத்தாய் பித்தளைத் தவலையைப் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்துப் பொன் மாதிரி கவிழ்த்து வைப்பதைத் தினமும் பார்க்கிறாளே. புளியைக் கரைத்தாள், எலுமிச்சம்பழமும் பிழிந்தாள், பழைய பல் பிரஷ்ஷால் பொறுமையாகத் தேய்த்தாள். பசை அசையவில்லை. அதுவரைக்கும் அந்த அட்டிகையில் கெடாமல் மிச்சமிருந்தவை முத்துகள் மட்டும்தான். இப்போது அவையும் பளபளப்பு போய், மேல்தோல் உரிந்து, புழுங்கலரிசியாகத் தொங்கின.

தஹ்மீனா தரையில் உட்கார்ந்து அழுதாள். சத்தம் வெளியே போகக்கூடாது என்று வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். உண்மையைச் சொன்னால் அவளுக்குத் துபாய் ஒன்றும் பெரிதில்லை. அங்கே கட்டடம் எத்தனை உயரம் என்பதைப் பற்றி அவளுக்கு அக்கறை கிடையாது. சுஹைப் சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார வேண்டும். போனில் அவன் இருமினால், இது எப்போதிலிருந்து இருக்கிற இருமல் என்று தெரிந்திருக்க வேண்டும். கல்யாண மருதாணி அழியும் முன் விமானம் ஏறியவனை அவள் இன்னும் முழுசாகப் பார்த்து முடிக்கவில்லை. அதெல்லாம் இந்தப் புளித்தண்ணீரோடு போயிற்று.

கதவைத் தள்ளிக்கொண்டு வந்த பொன்னுத்தாய் நின்று பார்த்தாள்.

"எதுக்கும்மா அழுவுறீங்க? கெட்டாக் கெட்டுட்டுப் போவுது. பேசாம அப்படியே கொண்டுபோயிப் பெரியம்மா கையில குடுத்துருங்க."

"உனக்கென்ன, சொல்லுவ. துபாய்க்குப் போக வேண்டியவ நீயா, நானா?"

பொன்னுத்தாய் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். கூடத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு பாத்திரம் தேய்க்கப் போய்விட்டாள். ஏழை எளியதுகளுக்கு நகையின் அருமை தெரியாது என்று தஹ்மீனா நினைத்துக்கொண்டாள்.

பல் வலி என்று சொல்லிவிட்டு மாயவரத்துக்குப் பஸ் ஏறினாள். மாமியார் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. "நிதானமாப் போயிட்டு வாம்மா" என்று வாசல் வரை வந்து அனுப்பினார். இருபுறமும் நடவு முடிந்த வயல்கள் பச்சைப் பசேலென்று ஓடின. அவள் எதையும் பார்க்கவில்லை. கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்து, தெரிந்த ஸலவாத்தையெல்லாம் ஓதிக்கொண்டே போனாள்.

மாயவரத்தில் நகை வேலை செய்யும் கோவிந்தராசு பத்தர் அட்டிகையை விளக்கில் காட்டினார். திருப்பினார். முகர்ந்தும் பார்த்தார்.

"வீட்டுல சண்டையாம்மா?"

"இல்லீங்க."

"யாராச்சும் கோவத்துல அம்மிக்கல்லைத் தூக்கிப் போட்டாங்களா?"

"கழுவினேங்க."

பத்தர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளை ஒருமுறை பார்த்தார். பிறகு மறுபடியும் மாட்டிக்கொண்டார். "எல்லாக் கல்லையும் எடுத்து, பசையைச் சுரண்டி, புதுத் தகடு வச்சு, புது அரக்கு ஊத்தணும். முத்து எதுவும் தேறாது. கூலியும் கூட ஆவும்."

அவளுக்கு அம்மா வீட்டில் போட்ட முத்துமாலை பையில் இருந்தது. அதை எடுத்து வைத்தாள், முத்துக்கு. கூலிக்குக் கையிலிருந்த காப்பைக் கழற்றினாள். சுஹைப் முதல் விடுமுறைக்கு வந்தபோது, யாரும் பார்க்காத நேரத்தில் தானே பூட்டிவிட்ட காப்பு அது. சோப்பு போட்டும் சுலபத்தில் கழலாத காப்பு, அன்றைக்கு என்னமோ உடனே கழன்று வந்தது. விரலில் ஒட்டியிருந்த கெம்பைப் பத்தர் ஏதோ மருந்து வைத்து எடுத்துக் கொடுத்தார். கூடவே கொஞ்சம் தோலும் வந்தது.

"பழசு மாதிரியே இருக்கணுங்க," என்றாள்.

"பழசை விட நல்லா வரும்."

"வேணாங்க, பழசு மாதிரியே."

வெள்ளிக்கிழமை காலையில் மறுபடியும் பல் வலித்தது. "பாவம், எத்தனை பல்லுதான் கெட்டுப்போயிருக்கு?" என்று மாமியார் பரிவோடு விசாரித்தார். தஹ்மீனா போய் வாங்கிக்கொண்டு, பாங்கு சொல்லும் முன் திரும்பி வந்துவிட்டாள். பஸ்ஸில் பெட்டியைத் திறந்து பார்த்தபோது மறுபடியும் அழுகை வந்தது, இந்தத் தடவை வேறு அழுகை. கெம்பு ஒவ்வொன்றும் உள்ளே விளக்கு வைத்த மாதிரி சிவந்திருந்தது. பத்தர் தன் கை வேலையை அடக்கி வாசிக்கத் தெரியாதவர்.

ஜும்ஆ முடிந்து ஜன்னத் பீவி இரண்டு மூன்று பெண்களோடு வந்து கூடத்தில் உட்கார்ந்தாள். சைத்தூன் பீவி வெள்ளைப் புடவை கட்டி, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, துக்க வீட்டுக்கு வந்தவர் மாதிரி முகத்தை வைத்திருந்தார்.

"முன்கூட்டியே சொல்லிடுறேன் ஜன்னத்து. இந்தத் தடவை கழுவுனது எங்க தஹ்மீனா. என்ன கதியில இருக்கோ, எனக்குத் தெரியாது. அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக்கூடாது."

வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கம்பளிக் கதை அவர்கள் வீடுவரை போயிருந்தது. தஹ்மீனா பெட்டியைக் கொண்டுவந்து நடுவில் வைத்துத் திறந்தாள்.

"மாஷா அல்லாஹ்," என்றாள் ஜன்னத் பீவி.

சைத்தூன் பீவி அட்டிகையைக் கையில் எடுத்தார். முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார். ஒவ்வொரு கல்லையும் நகத்தால் நிரடினார். முத்துகளைக் குலுக்கினார். "இது நம்ம அட்டிகைதானா?" என்று கேட்டார்.

தஹ்மீனாவுக்கு உயிர் போய் வந்தது. "ஆமா மாமி."

"ஒண்ணுமே ஆகலையா?"

"ஒண்ணுமே ஆகல மாமி."

"என் தங்கச்சி மகளுக்கும் அடுத்த மாசம் வச்சிருக்கு அக்கா," என்றாள் ஜன்னத் பீவி. "இப்பவே சொல்லி வச்சுடுறேன். அதுக்கும் தஹ்மீனாவே கழுவிக் குடுக்கட்டும்." கூட வந்தவர்களில் ஒருத்தி கழுத்தில் கிடந்த கல் பதக்கச் சங்கிலியைக் கழற்றி, "இதையும் கொஞ்சம் பாரும்மா, உன் கை ராசியான கை" என்று தஹ்மீனாவின் மடியில் வைத்தாள். சைத்தூன் பீவி தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

அவர்கள் அட்டிகையோடு படியிறங்கிப் போன பிறகு தஹ்மீனா மாமியாரின் காலடியில் வந்து உட்கார்ந்தாள். இத்தனை பாடும் இந்த நிமிஷத்துக்காகத்தான்.

"மாமி, அவங்க விசா விஷயம்…"

சைத்தூன் பீவி அவள் தலையை வருடினார். கண் கலங்கியிருந்தது. "இவ்வளவு பொறுப்பான மருமகளை எந்த மாமியாக்காரியாவது அனுப்புவாளா? அனுப்பினா ஊரு சும்மா இருக்குமா? வயசானவளைத் தனியா விட்டுட்டுப் போயிட்டான்னு உன்னையும் என் மகனையும்தான் ஏசும். நீ ஒரு தப்புத்தண்டா பண்ணியிருந்தாலாவது நான் ஒரு காரணம் சொல்லலாம். இப்ப என்னன்னு சொல்லுவேன்?"

அவர் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளறைக்குப் போனார். போன் சுழற்றும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "சுஹைபு, அந்த டிக்கெட்டைத் திருப்பிடுப்பா. ஆமா, நல்லாக் கழுவிட்டா. என்னத்தைச் சொல்ல, நம்ம நசீபு அவ்வளவுதான்" என்றார் தளர்ந்த குரலில்.

தஹ்மீனா காதில் விழுந்ததை நம்ப முடியாமல் திரும்பினாள். காப்பு இல்லாத கை மடியில் கிடந்த அந்நியச் சங்கிலியைப் பிடித்திருந்தது.

"டிக்கெட்டா? யாருக்கு எடுத்த டிக்கெட்டு?"

பொன்னுத்தாய் விளக்குமாற்றைக் கீழே வைத்துவிட்டு வந்து பக்கத்தில் குந்தினாள். "உங்களுக்குத்தாம்மா. இரவல் தொல்லையும் ஒழியும், நகையைப் பாழாக்குன மருமவளைத் தொரத்திட்டேன்னு ஊருக்குச் சொல்லி உங்களையும் பிளேன் ஏத்திப் புருசன்கிட்ட அனுப்பிடலாம்னுதானே பெரியம்மா, ஊர்ல இத்தனை கை இருக்க உங்க கையில அதைக் கழுவக் குடுத்தாங்க."